பெரட்டு, கண்டாக்கு, ஒரு முடிகாணிக்கைச் சீட்டு

இலங்கைக்குப் போய் வந்தேன் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, கதிர்காமம் தரிசித்தாயா என்பதுதான். இல்லை. ஒன்பது நாள் இருந்தும் முருகன் என்னைக் கூப்பிடவில்லை. நான் போனது யாத்திரைக்கு அல்ல, என் தங்கை செல்லம்மாளுக்காகச் சாட்சி சொல்ல. போன காரியம் என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்று கோயில் குருக்கள் சொன்னார். இறங்குகிறதா பார்க்க வேண்டும்.

எனக்குத் துறையூர்ப் பக்கம். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து குடம், தவலை, தாம்பாளங்களில் பேர் வெட்டுவது தொழில். மூன்றாம் பாரம் வரை படித்தவன். அதனால் கடைவீதியில் யாருக்கு இங்கிலீஷில் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு.

செல்லம்மாளை நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ராமையா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். வெள்ளைக்காரன் போன பிறகு அங்கே ஒரு சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழன் ஒவ்வொருவனும், நான் இந்த நாட்டில்தான் குடியிருந்தேன், என் பெண்டாட்டி பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள் என்று மனுப்போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் அந்நாட்டுக் குடிமகன். காட்டாவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மாப்பிள்ளை மனுப்போட்டுப் பல வருஷம் ஆகி, இப்போதுதான் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் முத்துமாரி பிறந்த சீட்டு ஒரு மண்சரிவில் போய்விட்டது. பிள்ளை இவர்களுடையதுதான் என்று இரத்த சம்பந்தமுள்ள ஒருவர் வந்து சொன்னால் நல்லது என்று மாப்பிள்ளை கடிதம் போட்டிருந்தார்.

அந்தக் கடிதம்தான் என் இங்கிலீஷுக்கு விழுந்த முதல் அடி. "கோச்சியை விட்டு இறங்கி நோர்வூட் பஸ் ஏறவும். பெரட்டு முடிந்து வந்துவிடுவேன். கண்டாக்கையா நல்ல மனுசர், விசாரணைக்கு லீவு தருவார். லயத்தில் எல்லாரும் சுகம்." இதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு லீவு தர பஸ் கண்டக்டருக்கு என்ன அதிகாரம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

கிளம்பும்போது பூஜை அலமாரியிலிருந்து விபூதித் தகர டப்பாவை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அதற்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது. அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் எங்கள் தாயார் படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ள செல்லம்மாள் கைக்குழந்தை முத்துமாரியோடு மாசி மாதம் ஊருக்கு வந்தாள். ஐப்பசியில் தாயார் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து புறப்பட இருந்த நேரம், மார்கழியில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டிலிருந்து போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லமாட்டார்கள். வந்தவர்கள் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படியே நாள் ஓடி, தை மாதம் அம்மை தணிந்து மூன்றாம் தண்ணீர் ஊற்றினோம். குழந்தை பிழைத்தது. தங்கை உடனே கிளம்புகிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன். "ஆத்தா உசிரைக் குடுத்திருக்கா. பங்குனித் திருவிழாவுல முடி இறக்காம கடல் தாண்டக்கூடாது" என்று பிடிவாதமாகச் சொன்னேன். பங்குனியில் முடி இறக்கினோம். கோயிலில் கொடுக்கிற சீட்டில் தேதி முத்திரைதான் விழும், பேர் எழுதமாட்டார்கள். பேர் வெட்டுகிறவனுக்குப் பேரில்லாத சீட்டு மனசுக்கு ஒப்பவில்லை. குமாஸ்தாவிடம் கெஞ்சி, முத்துமாரி, தகப்பன் ராமையா, தாய் செல்லம்மாள், நோர்வூட், சிலோன் என்று அவர் கையாலேயே மையில் எழுதி வாங்கினேன். பத்து வருஷமாக அது என் விபூதி டப்பாவில் இருந்தது. பிள்ளை இவர்களுடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

தலைமன்னாரில் ஓர் அதிகாரி பெட்டியைக் கிளறினார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சீட்டைப் பிரித்தார், திருப்பிப் பார்த்தார், மடித்து வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் அதைப் பறித்துக் கடலில் எறிந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் ரயில் மலை ஏறியது. எதிரே ஒரு சிங்களத்து அம்மாள், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் நெற்றி விபூதியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு பழம் பிய்த்து நீட்டினார். சிரித்து வாங்கிக்கொண்டேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "கோச்சிக்கு இன்னிக்கு மூச்சு வாங்குதாம். வயசான மாடு மாதிரி ஏறுதாம்." அவர்களுக்கும் கோச்சி, இவர்களுக்கும் கோச்சி. நான் படித்த கோச்சு குதிரை பூட்டியது. பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன்: கோச்சி என்றால் ரயில்.

அட்டனில் இறங்கியபோது பகல் இரண்டு மணி. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தரையில் கால் வைக்க முடியாது. இங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. மேகம் தெருவில் நடமாடுகிறது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் ஒரு சிங்கள வாலிபர். மாப்பிள்ளை எழுதிய மனிதர் இவர்தானோ என்று, "ராமையாவுக்கு லீவு கொடுக்கிறது நீங்கள்தானே?" என்று கேட்டுவைத்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே நகரச் சொல்லித் தட்டினார். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "பாவம், இந்தியாக்காரரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

டிக்கோயா தாண்டி ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்க, ஆண்கள் தள்ளினோம். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. இறங்காமல் உள்ளே இருந்தவள் ஒருத்தி மட்டும்தான். மடியில் துணி சுற்றிய குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறாளாம். குழந்தை அசையவே இல்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பஸ் கிளம்பி அவள் இறங்குகிற இடம் வந்தபோது, கண்டக்டர் விசில் ஊதாமல் கையால் தட்டி வண்டியை நிறுத்தினார். 'முருகா' என்று மனசுக்குள் சொன்னேன். வேறென்ன செய்ய முடியும்?

நோர்வூட்டில், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் ஒதுங்கினேன். பால் இல்லாத டீயும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார். சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். டீ வாயில் கசந்தது. "மலையெல்லாம் தேயிலை, டீ இப்படி இருக்கிறதே" என்றேன்.

"நல்ல தேயில கப்பல்ல போயிரும் அண்ணாச்சி. தூசி நமக்கு" என்றார். கண்டாக்கு விஷயத்தை அவரிடம் கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "தோட்டத்துல கண்டாக்கையாதான் ராசா. வேல பிரிச்சுக் குடுக்குறது, பேர் போடுறது எல்லாம் அவருதான். பஸ்காரன்கிட்டயா கேட்டீங்க? நல்லவேள, அடிக்காம விட்டான்."

மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார். மூன்று மைல் ஏற்றம். லைன் என்றால் கோடு என்று படித்திருக்கிறேன். லயம் என்பது அதுதான். கோடு போட்டதுபோல ஒரே கூரை, வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். தங்கை வாசலில் நின்றாள். பத்து வருஷத்தில் என்னைவிட மூத்தவள்போல ஆகியிருந்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தவள் கையில், நான் கொண்டுபோன பித்தளைக் குடத்தைக் கொடுத்தேன். ராமையா செல்லம்மாள் என்று வெட்டியிருந்தேன். முத்துமாரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அம்மைத் தழும்பு இரண்டு, வலது கன்னத்தில் இன்னும் இருக்கிறது.

"என்னண்ணே தொழில் உங்களுக்கு?" என்று அடுத்த காம்பரா பேச்சியக்கா கேட்டாள். பேர் வெட்டுகிறேன் என்றதும் கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? இங்க பேர் வெட்டக் கண்டாக்கையா ஒருத்தரு போதும்!" அங்கே பேரை வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நீக்குவது. நானும் சிரித்தேன். பேச்சி விடவில்லை. "உங்க தங்கச்சி பேருல நாலு மாசம் கொழுந்து எடுத்தவ நான். எம் பேரே எனக்கு மறந்துபோச்சு தெரியுமா?"

"வாய மூடு பேச்சியக்கா. மச்சான் பசியோட வந்திருக்காரு" என்றார் மாப்பிள்ளை. குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. ஏதோ முடியாதபோது உதவி செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ரொட்டியில் கை வைத்தேன். கோதுமை மாவில் கையகலத்தில் கனமாகச் சுட்டது, தொட்டுக்கொள்ள மிளகாய் ஏறிய தேங்காய்ச் சம்பல். நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது.

மறுநாள் விடிவதற்குள் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பெரட்டு பார்க்க மாப்பிள்ளையோடு போனேன். களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்க, கண்டாக்கையா பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மலையைப் பிரித்துக் கொடுத்தார். ஸ்டோர் என்று சிலரை அனுப்பினார். கடைக்கு எதற்கு இத்தனை பேர் என்று பார்த்தால், அது தேயிலை அரைக்கிற பெரிய ஆலை. குத்தகையாக எடுக்கிற வேலை கொந்தரப்பு. பேர் எழுதுகிற புத்தகம் செக்ரோல். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கவ்வாத்து என்ற சொல்லுக்கு எந்த இங்கிலீஷ் என்று கண்டாக்கையாவைக் கேட்டேன். "செடிய வெட்டி விடுறது. ஆனா அது இங்கிலீஷ் இல்ல. எந்தப் பாஷைன்னு எனக்கும் தெரியாது, வெட்டுறவனுக்கும் தெரியாது" என்றார்.

சீமையிலிருந்து புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர் அங்கே நின்றார். சின்னப்பையன் முகம், குளிரில் சிவந்திருந்தது. கையில் தமிழ்ப் பாடப் புத்தகம். சின்னச்சாமிக் கங்காணி சல்யூட் வைத்து, "பெரட்டு கலஞ்சிருச்சு தொரை" என்றார். துரை புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கண்டாக்கையாவிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு விளங்கியவரை இதுதான்: கலைந்தது என்பது புத்தகத்தில் இருக்கிறது, பெரட்டு இல்லையே, அது என்ன தமிழ்?

"அது உங்கள் பாஷைதான் ஐயா" என்றார் கண்டாக்கையா. பரேடு என்று சொல்லிக் காட்டினார். துரைக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் ஊரில் அது பட்டாளம் பாண்டு வாத்தியத்தோடு நடந்துபோவது. களத்தைப் பார்த்தார். இடுப்பில் சாக்குக் கட்டி, வெறுங்காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை மூடினார்.

"அவுங்க குடுத்ததத்தான் திருப்பிக் குடுக்குறோம். அடையாளம் தெரியல பாருங்க தம்பி" என்றார் கங்காணி.

சாயங்காலம் கொழுந்து நிறுத்தபோது இன்னொன்று கற்றுக்கொண்டேன். ஒரு நாள் வேலை என்பது அங்கே ஒரு பேர். சொன்ன எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பாத்திரத்தில் நான் பாதிப் பேர் வெட்டினால் அடிக்க வருவார்கள். இங்கே அப்படி வெட்டு வாங்கிய ஒரு கிழவி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு போனாள்.

அந்தச் சில நாளும் மழை விடவில்லை. துணி காயவில்லை. தங்கையோடு பேச நேரம் கிடைக்கவில்லை. இருட்டோடு போகிறாள், இருட்டோடு வருகிறாள். வெள்ளிக்கிழமை விரதமிருந்து, லயத்துக்கு மேலே இருக்கிற சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தகரக் கூரை, களிமண் அம்மன். யாரும் இல்லை. டப்பாவைத் திறந்து சீட்டை அவள் காலடியில் வைத்து, "தாயே, அங்கே முடி வாங்கிக்கொண்டவள் நீ. இங்கே சீட்டு வாங்கிக்கொடு" என்று வேண்டி எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சமயத்தில் நீட்டினால் மாப்பிள்ளை அசந்துபோவார் என்று ஒரு சின்ன ஆசை.

திங்கட்கிழமை விசாரணை. டவுனில் ஓர் அரசாங்கக் கட்டிடம். எங்களோடு கங்காணியும், பழைய செக்ரோல் புத்தகங்களைச் சுமந்துகொண்டு தோட்டத்துக் கிளாக்கரும் வந்தார்கள். அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர்.

என்னென்ன வேலை செய்தாய் என்று கேட்டதும் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "விடிஞ்சதும் பெரட்டுக்குப் போவேங்க. கண்டாக்கையா வேல பிரிப்பாரு. கவ்வாத்து மலையில நின்னேன், கொந்தரப்பும் எடுத்தேன். ஒரு வருசம் ஸ்டோருக்குப் போனேன். சம்சாரம் கொழுந்து மலைங்க."

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். "நீர் பட்டாளத்தில இருந்தனீரோ? பேந்து கடையில நிண்டனீரோ?" என்று கேட்டுவிட்டு, ஏதோ ஒருவாறு இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அணிவகுப்பு, பஸ் கண்டக்டர், கடை என்று மூன்று இடத்தில் இருந்தவன் ஒரே தோட்டத்தில் குடியிருந்தது எப்படி என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

நான் எழுந்து நின்றேன். பேசலாமா என்று இங்கிலீஷில் கேட்டேன். தலையசைத்தார். நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிடுவது. கண்டாக்கு பஸ்காரர் அல்ல, வேலை பிரிக்கிறவர். ஸ்டோர் என்பது ஆலை. மூன்றாம் பாரத்து இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வந்தது, ஆனால் வந்தது. அதிகாரி முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. "இங்கிலீஷை இங்கிலீஷாக்க இந்தியாவிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இறைவன் சாட்சியாக ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டார். என் தங்கை மகள்தான் என்று சத்தியம் செய்து சொன்னேன். எழுதிக்கொண்டார். போதும் என்றார். பேனாவை மூடியும் விட்டார். நான் உட்கார்ந்திருக்கலாம்.

"ஐயா, எழுத்திலேயே சாட்சி இருக்கிறது" என்று டப்பாவைத் திறந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் சீட்டை வாங்கிப் பேர்களைப் படித்தார். அதிகாரி நல்லது என்று தலையசைத்தார். பிறகு விரலால் முத்திரையைத் தொட்டு, இது என்ன தேதி என்று கேட்டார். கிளாக்கரிடம் அந்த வருஷத்துச் செக்ரோலை எடுக்கச் சொன்னார். கிளாக்கர் எடுக்க அவ்வளவு நேரம் ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி புத்தகத்தையும் சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இந்தப் புத்தகத்தின்படி செல்லம்மாள் டிசம்பர் மாதமே திரும்பி வந்து கொழுந்து எடுக்கிறாள். இந்தச் சீட்டின்படி அதற்குப் பிறகும் இந்தியாவில் மகளுக்கு முடி இறக்குகிறாள். இரண்டில் எது உண்மை? என்னைப் பார்த்துத்தான் கேட்டார். குரல் உயரவில்லை.

அம்மன் கோயில் சீட்டு. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. "சீட்டு உண்மை ஐயா" என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்பு அறுந்துவிடும் என்பது சட்டமாம். எனக்கு அது அப்போதுதான் தெரியும். மாசிக்கு வந்தவளைத் தையில் விட்டிருந்தால் வருஷத்துக்குள் கடல் தாண்டியிருப்பாள். பங்குனி வரை நிறுத்தியது நான்.

அப்படியானால் இவள் பேரில் கொழுந்து எடுத்தது யார் என்று கேட்டார். பேச்சியின் பேர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் கங்காணி முன்னால் வந்தார். "நான்தாங்க எழுத வச்சேன். ஆளு இல்லாமலே எழுத வச்சேன். வேற யாருக்கும் சம்பந்தம் இல்லைங்க." பெரிய பொய்யை அவ்வளவு மெதுவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். என் சீட்டைக் குண்டூசியால் மனுவோடு சேர்த்துக் குத்தினார். திருப்பித் தரவில்லை.

வெளியே மழை. கூரைச் சார்பின் கீழே நின்றோம். "உங்க மேல தப்பில்ல மச்சான். நான்தான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. அப்புறம் நடந்ததைச் சொன்னார். தங்கை வர நாளானதும் பேரை வெட்டிவிடுவார்கள், காம்பராவும் போய்விடும் என்று பயந்தார்களாம். அப்போதுதான் வேறு தோட்டத்திலிருந்து கையில் காகிதமில்லாமல் வந்த பேச்சிக்கு வேலையில்லை. கங்காணி இரக்கப்பட்டு, செல்லம்மாள் பேரில் அவளை மலைக்கு அனுப்பியிருக்கிறார். சட்டம் பிறகுதான் வந்தது. வந்ததும், புத்தகத்தில் விழுந்த அந்தப் பேரே காப்பாற்றும் என்று இருந்திருக்கிறார்கள்.

"எனக்கு ஏன் எழுதவில்லை?" என்றேன்.

தங்கைதான் பதில் சொன்னாள். "நான்தாண்ணே வேணாம்னேன். தெரிஞ்சா உன்னப் பொய் சொல்லச் சொல்லணும். எங்கண்ணன் வாயில பொய் வராது. எங்களுக்காக நீ ஆத்தாகிட்டப் பாவத்துல விழுகக்கூடாதுன்னுதான்..."

அதற்கு மேல் நிற்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

லயத்துக்குத் திரும்பினோம். பேச்சி ஓடி வந்து கேட்டாள். மாப்பிள்ளை சொன்னார். அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாலு மாசம் அவ பேருல எடுத்தேன். காய்ச்சலோடயும் போனேன். ஒரு நாளு அரைப்பேர் விழ விடல. அவ பேரு கெடக்கூடாதுன்னு."

அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. முத்துமாரி மட்டும் புதுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் வெட்டிய எழுத்து விளக்கொளியில் தெரிந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தீர்ப்பு இப்போது வந்துவிட்டது. மாப்பிள்ளை எழுதியிருந்தார். மனுத் தள்ளுபடி. சின்னச்சாமிக் கங்காணிக்குக் கங்காணி வேலை போய், இப்போது மற்றவர்களோடு பெரட்டில் நிற்கிறாராம். "நீங்கள் மனசை விடவேண்டாம்" என்று எனக்கு ஆறுதலும் எழுதியிருக்கிறார். இனி அவர்கள் இங்கே வந்தால் திரும்பிப் போக வழியில்லை. எனக்கும் அந்த நாட்டு விசா இரண்டாம் தடவை கிடைக்காது என்று, அதை எழுதிக்கொடுத்தவரே அன்றைக்குச் சொன்னார்.

அங்கிருந்து ஒன்பதாம் நாள் காலை புறப்பட்டேன். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். வழிக்கு ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள் தங்கை. பெரட்டுக்குப் போகாமல் எனக்காக நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை. விபூதி எடுத்து அவள் நெற்றியிலும் பிள்ளை நெற்றியிலும் பூசினேன். டப்பாவில் சீட்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

சொல்லிக்கொள்ள வாய் எழவில்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து போகிறவனைப்போல, பேசாமல் படி இறங்கினேன். அந்த வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவன் நான் என்றுதான் அப்போது தோன்றியது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் வந்துவிட்டேன்.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள். திரும்பினேன். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சொல்லிட்டுப் போண்ணே."

"போயிட்டு வர்றேம்மா" என்றேன்.

அந்த நாட்டில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.